பழைய போர்விமானங்களின் பயணம்

பழம்பொருள்களைப் போற்றிப் பாதுகாத்தல் நாகரிகமுடைய மக்கட்கெல்லாம் இயல்பு. நாணயங்களையும், செப்பேடுகளையும், ஓலைச்சுவடிகளையும், பண்டை மன்னர்தம் படைக்கலங்களையும் பொருட்காட்சிச் சாலைகளில் வைத்துக் காக்கின்றோம். இவை யாவும் அசையாமல் இருந்தே தம் வரலாற்றைக் கூறுவன. ஆனால் வேறு சில பொருள்கள் உள. அவற்றின் உயிர் அவற்றின் தொழிலிலேயே அமைந்துள்ளது. வீணையைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தால் அதன் மரவேலையைக் காணலாமேயன்றி நாதத்தைக் கேட்டல் இயலாது. தேர் நிலையிலேயே நின்றுவிடின், அது சிற்பமமைந்த மரக்குவியலேயாம். வடம் பிடித்து இழுக்கும்போதுதான் அது தேர் என்னும் பெயருக்கு உரியதாகின்றது. ஆகாயவிமானமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே என்று கருதுவோர் மேனாடுகளிற் பலர் உளர்.

இரண்டாம் உலக மகாயுத்தம் 1945-ம் ஆண்டில் முடிவுற்றது. அப்போரில் வானத்தை நிறைத்துப் பறந்த விமானங்கள் ஆயிரக்கணக்கில் உடைத்து உருக்கப்பட்டுச் சட்டிகளும் பானைகளும் ஆயின. எஞ்சிய சிலவற்றை, எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் செப்பனிட்டுப் பறக்கச் செய்து, ஊர்தோறும் நடைபெறும் விமானக் காட்சிகளுக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் இங்கிலாந்து, கானடா, அமெரிக்க ஐக்கிய நாடுகள் முதலிய தேசங்களில் நிலவுகின்றது. அவ்விமானங்கள் எத்தகையன, அவற்றைப் பறக்கவிடுவதில் உள்ள அருமை யாது, அதற்கு மக்கள் கொடுக்கும் விலை யாது, அவ்விலை தகுமா என்பனவற்றை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

கோடைக்காலத்தில் அந்நாடுகளின் கடற்கரைப் பட்டினங்களிலும், சிற்றூர்களை அடுத்த பழைய விமான நிலையங்களிலும் விமானக் காட்சிகள் நிகழும். முதியோர் நாற்காலிகளில் அமர்ந்திருப்பர்; சிறுவர் தந்தையர் தோள்மீது ஏறியிருப்பர். அக்காலத்து விமானம் ஒன்று அவர்கள் தலைக்கு மேலே பறந்து காட்டும் நேரம் பத்து நிமிஷங்களுக்கு மேற்படுதல் அரிது. ஆனால் அப்பத்து நிமிஷங்களுக்காக அது தன் இருப்பிடத்தினின்றும் பல நூறு மைல் பறந்து வந்திருத்தல் வேண்டும். அப்பயணத்துக்காகப் பணியாளர் மாரிக்காலம் முழுவதும் உழைத்திருத்தல் வேண்டும். காண்போர் கண்ணுக்குப் புலனாவது பூ ஒன்றே. வேர் மண்ணுக்குள் மறைந்துளது.

இதனை விளக்குதற்கு ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் லங்காஸ்டர். ஆங்கிலேயர் தம் பகைவர் நாட்டின்மீது இரவிற் சென்று குண்டு வீசுதற்கென அமைத்த பெரிய விமானங்களுள் அதுவே தலைசிறந்தது. ராய் சாட்விக் என்னும் பொறிவல்லார் முதலில் இரண்டு எஞ்சின்கள் உடைய மான்செஸ்டர் என்னும் விமானத்தை வகுத்தார். அவ்வெஞ்சின்கள் நம்பத் தகாதனவாயின. ஆகவே அவர் அவற்றை நீக்கி, இறக்கையை நீட்டி, மெர்லின் எஞ்சின்கள் நான்கைப் பொருத்தினார். தோல்வியினின்று பிறந்த அப்புது விமானம் 1941-ம் ஆண்டு ஜனவரி மாதம் 9-ந் தேதி முதன்முதற் பறந்தது. அதன் இறக்கைகளின் அகலம் 102 அடி. அதனுட் பணிபுரிவோர் எழுவர். அது சுமக்கும் குண்டுகளின் பாரம் 14,000 ராத்தல். கட்டப்பட்டவை மொத்தம் 7,377. அவற்றுள் 430 கானடாவில் உருவாயின.

இவ்வளவு பெருந்தொகையினின்று இன்று பறக்கத் தக்க நிலையிற் பேணப்படுவன எத்தனை? இரண்டே. ஒன்று இங்கிலாந்தில் உள்ளது. மற்றொன்று கானடாவில் உள்ளது.

இங்கிலாந்தில் உள்ளதன் எண் பி.ஏ. 474. அது 1945-ம் ஆண்டில் ஜப்பானியர்மேற் செல்லுதற்கென்று கட்டப்பட்டது. ஆயின் அதற்குள் போர் முடிந்துவிட்டது. பின்னர் ஆப்பிரிக்க நாடுகளின் நிலப்படம் வரைதற்குரிய புகைப்படங்களை எடுக்க அது பயன்பட்டது. பிரிட்டிஷ் விமானப் படையினர் 1957-ம் ஆண்டில், ஒரு ஹரிக்கேனும் மூன்று ஸ்பிட்பயர்களும் கொண்டு, பழம்போர் விமானங்களைப் பேணும் ஞாபகப் பிரிவு ஒன்றைத் தொடங்கினர். 1973-ம் ஆண்டில் இந்த லங்காஸ்டர் அப்பிரிவிற் சேர்ந்தது. 1976-ம் ஆண்டு முதல் லிங்கன்ஷயரிலுள்ள கோனிங்ஸ்பி விமானத் தளமே அப்பிரிவின் உறைவிடம்.

கானடாவில் உள்ளதன் எண் எப்.எம். 213. அதுவும் 1945-ம் ஆண்டிற் பிறந்ததே. போருக்குப்பின் கடற்காவலுக்கும், காணாமற்போன கப்பல்களைத் தேடுதற்கும் உதவியபின், அது வேலையினின்று நீக்கப்பட்டு, ஒண்டேரியோ மாகாணத்துக் காட்ரிச் என்னும் ஊரில் மேடைமேல் நிறுத்தப்பட்டு, வெயிலிலும் பனியிலும் நின்றுகொண்டிருந்தது. ஹாமில்ட்டன் நகரத்துப் பொருட்காட்சிச் சாலையார் அதனைப் பெற்று, ஹெலிகாப்டரிற் கட்டித் தூக்கிச் சென்று, ஆண்டுக்கணக்காகச் செப்பனிட்டனர். அது மீண்டும் பறந்தது 1988-ம் ஆண்டில். அதற்கு அவர்கள் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி என்னும் வீரரின் ஞாபகமாகப் பெயர் சூட்டியுள்ளனர். அவர் யாவர் என்பதை அறிந்தாலன்றி, இவ்விமானங்களை மக்கள் ஏன் இத்துணை ஆர்வத்துடன் காக்கின்றனர் என்பது விளங்காது.

மைனார்ஸ்கி கானடாவின் வின்னிப்பெக் நகரத்தவர். ஒரு லங்காஸ்டரின் நடுமேற் பீரங்கியைக் காத்தவர். 1944-ம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சு தேசத்துக் காம்பிரே நகரத்துக்கு மேலே அவ்விமானம் பகைவரால் தாக்குண்டு தீப்பற்றியது. எல்லோரும் குதித்து உயிர் பிழைக்குமாறு தலைவர் ஆணையிட்டார். மைனார்ஸ்கி கதவருகே வந்து குதிக்கும் தறுவாயில், வாற்பக்கத்துப் பீரங்கிக்காரர் தம் கூண்டுக்குள் அகப்பட்டு வெளிவர இயலாது தவிப்பதைக் கண்டார். உடனே தீயினூடே தவழ்ந்து சென்று, கோடரியாலும் வெறுங்கைகளாலும் அக்கூண்டைத் திறக்க முயன்றார். முயற்சி பயன்படவில்லை. அகப்பட்டவர், தம்மை விட்டுப் போகுமாறு கையசைத்தார். உடை பற்றியெரிய மைனார்ஸ்கி கதவுவரை பின்வாங்கி, நிமிர்ந்து நின்று, தம் தோழருக்கு வணக்கம் செலுத்திவிட்டுக் குதித்தார். தீப்புண்ணால் அவர் மாண்டார். விமானம் தரையில் மோதியபோது அக்கூண்டு உடைந்து, உள்ளே இருந்தவர் வெளியே எறியப்பட்டு உயிர் தப்பினார். நிகழ்ந்ததைக் கண்டவர் அவர் ஒருவரே. அவர் உரைத்தமையாலேயே உலகம் இதனை அறிந்தது. 1946-ம் ஆண்டில் மைனார்ஸ்கிக்கு விக்டோரியா சிலுவை அளிக்கப்பெற்றது.

இனி, இத்தகைய பழம் விமானம் ஒன்றை ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குப் பறக்கவிடுதலில் உள்ள அருமைகளைக் கூறுவாம்.

முதலாவது, எஞ்சின். மெர்லின் என்பது பன்னிரண்டு உருளைகள் இரு வரிசையாகச் சாய்ந்து அமைந்தது. 27 லிட்டர் கொள்ளளவு உடையது. ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியார் வகுத்த இதனை, அமெரிக்காவிற் பாக்கார்டு கம்பெனியாரும் அனுமதி பெற்றுச் செய்தனர். ஸ்பிட்பயர், ஹரிக்கேன், லங்காஸ்டர் ஆகிய மூன்றுக்கும் இதுவே இருதயம். அக்காலத்தில் இவ்வெஞ்சின் பழுதுற்றால் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிவிடுவர். நீண்ட ஆயுளை எவரும் எதிர்பார்த்திலர். ஏனெனில் அவ்விமானமே நீண்டநாள் உயிரோடிருக்கும் என்று எவரும் எண்ணிலர். இன்றோ, ஒவ்வோர் உறுப்பும் கிடைத்தற்கரிய பொருளாய்விட்டது. ஆகவே போர்க்காலத்தில் விரட்டியதுபோல் விரட்டாமல், முதிய குதிரையை நடத்துவதுபோல் மெல்ல நடத்துகின்றனர். அக்காலத்து முழு வேகத்தையும் முழு உயரத்தையும் இன்று எவரும் நாடுவதில்லை.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் மற்றொரு தொல்லை. ஸ்பிட்பயர் தரையில் ஊர்ந்து செல்லும்போது குளிர்ச்சிக் கருவியினூடே போதிய காற்றுப் புகாது. ஆதலின் புறப்பட நேரமானால் திரவம் கொதித்துவிடும். பெரிய விமான நிலையங்களில் மற்ற விமானங்களுக்குப் பின்னே வரிசையிற் காத்து நிற்றல் அதற்கு ஆகாது. அன்றியும், அதன் நீண்ட மூக்கு விமானியின் பார்வையை மறைத்துவிடுமாதலால், அவர் நேரே முன்னே பார்த்தல் இயலாது. பாம்புபோல் வளைந்து வளைந்து ஊர்ந்து, பக்கங்களின் வழியே பாதையைக் காணவேண்டும். வாலின் அடியில் சிறு சக்கரம் அமைந்த இவ்விமானங்கள் பக்கக்காற்று வீசும்போது இறங்கினால் தரையிற் சுழன்றுவிடும் இயல்பின. இக்காலத்து விமானங்களிற் பழகியவர்க்கு இக்கலை கைவராது. ஆகவே சிப்மங்க் என்னும் சிறு பயிற்சி விமானத்தில் முதலிற் பழகிய பின்னரே கோனிங்ஸ்பி விமானிகள் ஸ்பிட்பயரில் ஏறுவர். அவர்களிற் பெரும்பாலோர் வேறு கடமைகளை உடையவர். இப்பணியைத் தாமே விரும்பி மேற்கொள்வோர்.

இரண்டாவது, எரிபொருள். இக்காலத்துப் பெரிய விமானங்கள் மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயால் இயங்குவன. பழம் விமானங்களுக்கோ உயர்தரப் பெட்ரோல் வேண்டும். அது எல்லா நிலையங்களிலும் வேண்டிய அளவு கிடைப்பதில்லை. முதல் வகை ஸ்பிட்பயரின் தொட்டிகள் கொள்வது 85 காலனே. ஆகவே தொலைவிலுள்ள ஊருக்குச் செல்லின், நடுவில் எங்கே இறங்குவது, அங்கே பெட்ரோல் உண்டா, ஓடுபாதை தகுமா என்பனவற்றை முன்னரே திட்டம் செய்தல் வேண்டும்.

மூன்றாவது, வானிலை. இவ்விமானங்கள் கண்ணாற் கண்டு செலுத்தப்படுவன. இறக்கையிற் பனி உறையக்கூடிய மேகத்துள் இவற்றைச் செலுத்தார். ஹரிக்கேனின் பின்னுடல் துணியாற் போர்க்கப்பட்டது. போர்க்காலத்தில் நள்ளிரவிலும் புயலிலும் பறந்த விமானங்கள்தாம். ஆயினும் அன்று திரும்பிவாராதவை எத்தனை என்பதை எண்ணிப் பார்ப்பவர், இன்றைய எச்சரிக்கையைக் கோழைத்தனம் என்னார். எனவே, ஆயிரக்கணக்கான மக்கள் கூடிக் காத்திருக்கும்போதும், வழியில் மேகம் தாழ்ந்தது என்னும் ஒரே காரணத்தால் விமானம் வாராமற்போவதுண்டு. கூட்டத்தின் ஏமாற்றத்துக்கு அஞ்சிப் புறப்படும் விமானியினும், அவ்வேமாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு தரையிலே நிற்கும் விமானியே மேலானவர்.

நான்காவது, உலோகத்தின் சோர்வு. மீண்டும் மீண்டும் வளைக்கப்படும் கம்பி எவ்வாறு ஒருநாள் முறிகின்றதோ, அவ்வாறே ஒவ்வொரு பயணத்திலும் இறக்கையைத் தாங்கும் உத்திரம் சிறிது சிறிதாகத் தளர்கின்றது. பி.ஏ. 474-இன் முதன்மை உத்திரத்தை 1995-ம் ஆண்டை அடுத்த மாரிக்காலத்தில் முற்றும் மாற்றினர். ஓராண்டிற் பறக்கும் மணிகளையும் எண்ணியே செலவிடுகின்றனர். இக்காரணத்தால் கோனிங்ஸ்பியார் ஒரு நுட்பம் கையாளுவர். ஓர் ஊருக்கென்று புறப்படும் விமானத்தை, நேர்வழியே செலுத்தாமல், அன்று விழா நடக்கும் பல சிற்றூர்களைப் பூக்களைப் போல் ஒரே நாரிற் கோத்து, ஒன்றன்பின் ஒன்றாக அவற்றின் மேலே பறக்கச் செய்வர். இவ்வாறு ஒரு பயணத்தின் செலவிலே பல ஊரார் கண்குளிரக் காண்பர்.

இவ்வருமைகள் யாவும் ஒருங்கே திரண்டு நின்ற பயணம் ஒன்று 2014-ம் ஆண்டில் நிகழ்ந்தது. உலகிற் பறக்கவல்ல இரண்டு லங்காஸ்டர்களும் ஒரே வானத்திற் பறத்தல் வேண்டும் என்று இரு நாட்டாரும் விரும்பினர். அதற்குக் கானடா விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடத்தல் வேண்டும். ஒரே மூச்சிற் கடக்க எண்ணாமல், ஆற்றைக் கற்களின்மேற் கால்வைத்துத் தாண்டுவான்போல், நிலத்தினின்று நிலத்துக்குத் தாவிச் சென்றனர். ஹாமில்ட்டனினின்று லாப்ரடாரிலுள்ள கூஸ் பே; அங்கிருந்து கிரீன்லாந்தின் நார்சார்சுவாக்; அங்கிருந்து ஐஸ்லாந்தின் கெப்ளாவிக்; அங்கிருந்து கோனிங்ஸ்பி. ஆகஸ்டு மாதம் 8-ந் தேதி அது இங்கிலாந்தை அடைந்தது. வெப்பமும் காற்றழுத்தமும் செம்மையுற அமைந்த அறை அதில் இல்லை. நான்கு எஞ்சின்களின் முழக்கம் காதைச் செவிடாக்கும். கீழே பனிக்கட்டி மிதக்கும் கடல். ஓரிளைஞர் தலைமுறை இதே கூண்டுக்குள் இரவு முழுவதும் அமர்ந்து, கீழிருந்து சுடப்படுவதையும் பொறுத்துக்கொண்டு சென்று மீண்டது என்னும் உண்மை, அப்பயணம் செய்தவர்க்கு நூலாற் கற்றதைவிடத் தெளிவாக விளங்கியிருக்கும்.

பின்னர் ஆறு வாரங்களுக்கு மேல் இரண்டும் ஈஸ்ட்போன், டக்ஸ்பர்டு முதலிய ஊர்களில் இணைந்து பறந்தன. நடுவில் கானடா விமானத்தின் எஞ்சின்களுள் ஒன்று பழுதுபட்டது. சுற்றுப்பயணம் அத்தோடு முடிந்தது என்றே பலர் எண்ணியிருப்பர். ஆனால் பிரிட்டிஷ் விமானப் படையினர், தம் விமானத்துக்கெனச் சேமித்து வைத்திருந்த மெர்லின் ஒன்றைக் கடனாக அளித்தனர். பணியாளர் அதனைப் பொருத்த, விமானம் மீண்டும் எழுந்தது. லிங்கன்ஷயரின் கிழக்குக் கிர்க்பியில் மூன்றாவது லங்காஸ்டர் ஒன்று உளது. அது தரையில் ஓடவல்லதேயன்றிப் பறப்பதில்லை. 1944-ம் ஆண்டு நூரம்பர்க் நகரத்தின்மேற் சென்று மீளாத தம் தமையனாரின் ஞாபகமாக, உழவுத்தொழில் புரியும் தம்பியர் இருவர் வாங்கிக் காத்த விமானம் அது. அவ்வூருக்கு மேலே இரண்டு லங்காஸ்டர்கள் பறக்க, கீழே மூன்றாவது தன் எஞ்சின்களை முழக்கியது. பன்னிரண்டு மெர்லின்களின் ஒலியை ஓரிடத்துக் கேட்டவர் அரை நூற்றாண்டாக எவரும் இலர் எனலாம்.

இதுகாறும் கூறியன இப்பணியின் ஒளிப்பக்கம். நிழற்பக்கத்தையும் கூறாதுவிடின் உண்மைக்கு மாறுபட்டவராவோம்.

2019-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ந் தேதி, அமெரிக்காவின் கனெக்டிகட் ராஜ்யத்தில், பி-17 என்னும் பழைய குண்டுவீச்சு விமானம் ஒன்று, கட்டணம் செலுத்திய பிரயாணிகளுடன் புறப்பட்டது. எஞ்சின் ஒன்றிற் கோளாறு தோன்ற, விமானி திரும்பி இறங்க முயன்றார். விமானம் ஓடுபாதைக்கு அப்பால் விழுந்து எரிந்தது. அதிலிருந்த பதின்மூவருள் எழுவர் மாண்டனர். விமானத்தை நடத்திய முறையிலும், சுற்றுப்பயணத்தின்போது எஞ்சின்களைப் பேணிய முறையிலும் குறைகள் இருந்தன என்று அரசாங்க ஆராய்ச்சியாளர் கண்டனர். 2022-ம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ந் தேதி டல்லஸ் நகரத்துக் காட்சியில், மக்கள் கண்ணெதிரிலேயே, ஒரு பி-17 மீது பி-63 என்னும் போர்விமானம் மோதியது. இரண்டிலும் இருந்த அறுவரும் இறந்தனர். எந்த விமானம் எந்த உயரத்திற் செல்லுதல் வேண்டும் என்பதை முன்னரே வரையறுக்காமல், ஒருவரையொருவர் கண்ணாற் கண்டு விலகிக்கொள்வர் என்று நம்பியதே அக்கேட்டுக்குக் காரணம் என்று பின்னர் முடிவாயிற்று. 2024-ம் ஆண்டு மே மாதத்தில், கோனிங்ஸ்பிக்கு அருகிலேயே ஸ்பிட்பயர் ஒன்று விழுந்து அதன் விமானி உயிர்துறந்தார். இங்கிலாந்தின் ஷோரம் என்னுமிடத்தில் 2015-ம் ஆண்டு நிகழ்ந்தது இவற்றினும் கொடியது. அங்கே விழுந்தது போருக்குப் பிற்பட்ட ஜெட் விமானம், மாண்ட பதினொருவரும் விமானத்தில் இருந்தவரல்லர், சாலையில் இருந்தவர்.

இவற்றை நோக்குவார் மூன்று வினாக்களை எழுப்புகின்றனர்.

முதல் வினா: இறந்தவர் ஞாபகத்துக்காக உயிரோடிருப்பவரை இறக்கவிடுதல் முறையா? இதற்கு எளிய விடை இல்லை. ஆயினும் ஒரு வேற்றுமையைக் கருதுதல் வேண்டும். தன் தொழிலின் அபாயத்தை முற்றும் உணர்ந்து, பயிற்சி பெற்று, தானே விரும்பி ஏறும் விமானியின் நிலை வேறு. நுழைவுச்சீட்டு வாங்கி ஏறுபவரின் நிலை வேறு. ஒன்றும் அறியாது சாலையிற் செல்பவரின் நிலை முற்றும் வேறு. மலையேறுவோன் தன் உயிரைப் பணயம் வைக்கலாம். அடிவாரத்தில் வாழ்பவன் தலைமேற் பாறையை உருட்ட அவனுக்கு உரிமை இல்லை. ஷோரம் விபத்துக்குப்பின் பிரிட்டிஷ் அதிகாரிகள் காட்சிகளின் விதிகளை இறுக்கியதும், அமெரிக்க அதிகாரிகள் 2019-ம் ஆண்டு விபத்துக்கு உரிய சங்கத்தார்க்குப் பிரயாணிகளை ஏற்றும் அனுமதியை நீக்கியதும் இவ்வேற்றுமையை உணர்ந்தே எனலாம்.

இரண்டாம் வினா: இரண்டே எஞ்சிய பொருளைப் பறக்கவிட்டு ஒன்றாக்கிக்கொள்ளுதல் அறிவுடைமையா? டல்லஸில் நொறுங்கிய பி-17 இனி எக்காலத்தும் மீளாது. இவ்வாதம் வலியது. ஆயினும் இதற்கு மறுமொழியும் உண்டு. பறக்கும் விமானத்தை ஒவ்வோராண்டும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிச் சோதிக்கின்றனர், துரு ஏறவிடுவதில்லை. பறவாத விமானமோ, காட்ரிச் ஊரில் மேடைமேல் நின்றதுபோல், மெல்ல மெல்லச் சிதைதலும் உண்டு. அன்றியும், காக்கப்படுவது உலோகம் மட்டும் அன்று, கைத்திறனும் ஆம். மெர்லினைப் பிரித்துப் பூட்டவும், அதன் ஓசையைக் கேட்டே நோயை அறியவும் வல்ல முதியவர், அதனை இளைஞர்க்குக் கற்பிக்கின்றார். எஞ்சின் ஓடாவிடின் அக்கல்வியும் ஓய்ந்துவிடும். ஆகவே பறக்கும் விமானம் சிலவும், நிலைத்து நிற்கும் விமானம் சிலவுமாக இருத்தலே தக்கது. ஓரினத்தில் எஞ்சியது ஒன்றே ஒன்றாயின், அதனைத் தரையிலேயே வைத்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

மூன்றாம் வினாவே மிக ஆழ்ந்தது. லங்காஸ்டர் என்ன செய்தது என்பதை மறத்தல் கூடுமா? 1943-ம் ஆண்டு ஹாம்பர்க் நகரம் எரிந்தபோது ஏறத்தாழ 40,000 மக்கள் மாண்டனர். 1945-ம் ஆண்டு டிரெஸ்டனில் மாண்டவர் 25,000 வரை ஆவர். அவர்களிற் பெண்டிரும் குழந்தைகளும் மிகப் பலர். அக்கருவியை அலங்கரித்து விழாவிற் பறக்கவிடுதல் போரைப் புகழ்வதாகாதா? மறுபுறத்தில், பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையிற் பறந்த 1,25,000 பேருள் 55,573 பேர் மாண்டனர் என்பதும் உண்மை. அவர்கள் பெரும்பாலும் நம் கல்லூரி மாணவர் வயதினர். போர் முடியும் தறுவாயில், 1945-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், பசியால் மடிந்துகொண்டிருந்த ஹாலந்து மக்களுக்கு, இதே லங்காஸ்டர்கள் குண்டுகளுக்குப் பதிலாக 6,000 டன்னுக்கு மேற்பட்ட உணவுப் பொருள்களைத் தாழப் பறந்து இட்டன என்பதும் உண்மை. ஒரே கதவு திறந்து மரணமும் விழுந்தது, மாவும் விழுந்தது.

ஆகவே குற்றம் பறத்தலில் இல்லை. பறக்கும்போது என்ன கூறப்படுகின்றது என்பதிலேயே உள்ளது. 2012-ம் ஆண்டில் லண்டன் நகரத்துக் கிரீன் பார்க்கில் அப்படையினரின் ஞாபகச் சின்னம் திறக்கப்பட்டபோது, பி.ஏ. 474 மேலே பறந்து செந்நிறப் பாப்பி மலரிதழ்களைத் தூவியது. அச்சின்னத்தில், மாண்ட விமானிகளை மட்டுமன்றி, அக்குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வாசகமும் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வாசகம் உள்ளத்தில் இருக்கும்வரை அப்பறத்தல் வெற்றி முழக்கமாகாது, இரங்கற்பாட்டேயாகும். அது நீங்கிவிடின், அது வெறும் வேடிக்கையாம்.

இதனை வாசிப்போர், இவையெல்லாம் மேனாட்டார் செய்தி. நமக்கென்ன என்று நினைத்தலும் கூடும். நம் நாட்டுக்கும் இதிற் பங்கு உண்டு. அப்போரில் சென்னை மாகாணத்தார் அளித்த நன்கொடையை முன்னிட்டு, பிரிட்டிஷ் விமானப் படையின் 264-ம் பிரிவு சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கிப் பறந்தது. போர் முடிந்தபின் ஆங்கிலேயர் லிபரேட்டர் என்னும் பெரிய குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில், மீண்டும் பறவாதபடி சிதைத்துவிட்டுச் சென்றனர். 1948-ம் ஆண்டில் பங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார், குப்பையெனக் கைவிடப்பட்ட அவற்றை ஒருவாறு ஒட்டிப் பறக்கச் செய்து, பங்களூருக்குக் கொண்டுவந்து செப்பனிட்டனர். இந்திய விமானப் படை அவற்றை 1968-ம் ஆண்டு வரை ஆண்டது. மற்ற நாடுகள் தம் லிபரேட்டர்களை உருக்கிவிட்டமையால், பிற்காலத்தில் மேனாட்டுப் பொருட்காட்சிச் சாலைகள் அவ்விமானத்தை நம்மிடமிருந்தே பெற்றன. அவற்றுள் ஒன்று அமெரிக்காவிற் புதுப்பிக்கப்பட்டு 1989-ம் ஆண்டில் மீண்டும் பறந்து, பல்லாண்டு அந்நாட்டு ஊர்தோறும் சுற்றியது.

அன்றியும், 2018-ம் ஆண்டில் டக்கோட்டா விமானம் ஒன்று இங்கிலாந்தில் செப்பனிடப்பட்டு, ஐரோப்பாவையும் மேற்காசியாவையும் பல தாவல்களிற் கடந்து, ஜாம்நகரில் இறங்கி, இந்திய விமானப் படையின் பழம் விமானப் பிரிவிற் சேர்ந்தது. டக்கோட்டா விமானியாயிருந்த தம் தந்தையாரைச் சிறப்பிக்குமாறு மைந்தர் ஒருவர் அளித்த கொடை அது. 1947-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 27-ந் தேதி ஸ்ரீநகருக்கு முதன்முதற் படைவீரரைக் கொண்டுசென்ற விமானத்தின் எண்ணையே அதற்கும் இட்டு, பரசுராமன் என்று பெயரும் சூட்டியுள்ளனர்.

முடிவாக ஒன்று கூறுவாம். அப்போரிற் பறந்தவருள் இன்று உயிரோடிருப்பவர் மிகச் சிலர்; அவர்களும் நூறு வயதை அடுத்தவர். சொல்லும் வாய்கள் ஓய்ந்தபின், அவ்விமானங்களே அவர்தம் சார்பாகப் பேசுதல் வேண்டும். அவை நன்கு பேசவேண்டுமாயின், அவற்றைக் காப்பவர் மூன்று கடன்களை மறவாதிருத்தல் வேண்டும்: எஞ்சினில் ஐயம் தோன்றின் புறப்படாமை, கூட்டத்தின் ஆரவாரத்துக்காக விதியை மீறாமை, மாண்டவரை நினைக்கும்போது, மேலே இருந்தவரையும் கீழே இருந்தவரையும் ஒருங்கே நினைத்தல். இம்மூன்றும் உள்ளவரை அவை பறக்கலாம். இவற்றுள் ஒன்று குறையினும், அவை தரையிலே நிற்பதே அவற்றுக்கும் மதிப்பு, மாண்டோர்க்கும் மரியாதை.